காசமும் காசநோயும்: ‘ஈசினோபிலியா’ என்ற பெயரின் வரலாறு

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைப்பாதையின் கொண்டைஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கல்லாறு. அங்கு வழங்கும் மலையாளத்தில் ‘காசம்’ என்றால் ஆஸ்துமா. எலும்புருக்கி நோய்க்குப் பெயர் ‘க்ஷயம்’. மலையைத் தாண்டித் தமிழகத்துக்குள் வந்தால் ‘காசநோய்’ என்பது எலும்புருக்கியையே குறிக்கிறது. அரசு மருத்துவமனைப் பலகைகளிலும் அந்தச் சொல்தான். சொல்லின் வேர் இரண்டு இடத்திலும் ஒன்றே. வடமொழியில் ‘காச’ என்றால் இருமல், அவ்வளவே. சித்த மருத்துவத்தின் ‘சுவாசகாசம்’ இரைப்பிருமலைச் சுட்டும் சொல்லாகவே இன்றும் நிற்கிறது. ஒரே இருமல் ஒரு மொழியில் மூச்சிரைப்பாகவும் மற்றொன்றில் நுரையீரலை அரிக்கும் கிருமிநோயாகவும் பிரிந்தது மொழியியலாருக்குச் சுவையான செய்தி. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்னிந்திய நோயாளிகள் பலருக்கு இந்த இரண்டு பொருளுக்கும் இடையிலான வேறுபாடு சொல்லாராய்ச்சியாக இருக்கவில்லை. எந்தப் பெயர் சூட்டப்பட்டது என்பதைப் பொறுத்து அவர்கள் வீட்டில் இருந்தார்கள், அல்லது மாதக்கணக்கில் சானடோரியத்துப் படுக்கையில் கிடந்தார்கள்.

அத்தகைய சானடோரியங்களில் பெயர்பெற்றது மதனப்பள்ளிக்கு அருகே, அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஐக்கிய மிஷன் காசநோய் சானடோரியம். அது அமைந்த இடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயர். அதன் முதல் கண்காணிப்பாளர் டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமொட் மொல்லர். ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முந்திய காலம் அது. ஓய்வு, உணவு, காற்று, சிற்சில அறுவை முறைகள் ஆகியவையே மருத்துவம். அங்கு வந்தவர்களுள் ஒரு சிறு கூட்டத்தார் மருத்துவர்களைக் குழப்பினர். இருமல், இளங்காய்ச்சல், எடைக்குறைவு, சோர்வு என்று அறிகுறிகள் யாவும் எலும்புருக்கியை ஒத்திருந்தன. எக்ஸ்ரே படத்தில் இரு நுரையீரல்களிலும் கடுகு தூவியதுபோலப் புள்ளிகள் தெரிந்தன. பரவிய காசநோயிலும் அப்படித்தான் தெரியும். ஆயினும் சளியை எத்தனை முறை சாயமேற்றிப் பார்த்தாலும் கோக் 1882-இல் கண்டறிந்த அந்தக் கோலுருக் கிருமி அகப்படவில்லை. அதற்கு மாறாக இரத்தத்தில் ஒருவகை வெள்ளணு அளவிறந்து பெருகியிருந்தது. இருமலும் பகலைவிட இரவில் மிகுந்து, ஆஸ்துமாவைப் போன்ற இழுப்போடு வந்தது.

ஃப்ரிமொட் மொல்லரும் அவருடன் பணியாற்றிய பார்ட்டனும் 1940-இல் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில் இந்நிலையைப் பற்றி எழுதினர். ஈசினோபில் பெருக்கத்தோடு கூடிய போலிக் காசநோய் என்பதே அவர்கள் சூட்டிய பெயரின் பொருள். ‘போலி’ என்ற அடைமொழி நேர்மையானது. எது இல்லை என்று சொல்லும். எது என்று சொல்லாது. ஆயினும் அந்த எதிர்மறை விளக்கத்துக்குள் ஒரு விடுதலை இருந்தது. கிருமி இல்லாதவரைக் காசநோயாளி என்று ஒதுக்கிவைக்கக் காரணம் இல்லை என்பதைச் சானடோரியத்தின் உள்ளிருந்தே அது சொன்னது.

பெயரின் மறுபாதியான ஈசினோபிலைப் பார்க்கலாம். 1870-களில் செம்மை படர்ந்த ஒரு செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, கிரேக்கரின் வைகறைத் தெய்வமான ஈயோசின் பெயரால் ஈசின் என்று அழைக்கப்பட்டது. 1879-இல் பவுல் ஏர்லிக் இரத்தத் துளிகளுக்குச் சாயமேற்றி ஆராய்ந்தபோது ஒருவகை வெள்ளணுவின் துகள்கள் அந்தச் சாயத்தை விரும்பிப் பற்றின. ஆகவே ‘ஈசினை விரும்புவது’ என்று அணுவுக்குப் பெயராயிற்று. இரத்தத்தின் ஒரு கன மில்லிமீட்டரில் அவ்வணுக்கள் ஏறத்தாழ ஐந்நூறுக்குள் இருப்பது இயல்பு. மதனப்பள்ளியிலும் பின்னர் பிற இடங்களிலும் கண்ட இந்நோயில் அவை மூவாயிரத்தைத் தாண்டும். பலருக்கு அதற்கும் பன்மடங்கு மேலே செல்லும். நோயின் காரணத்தைப் பற்றி இந்தப் பெயரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது உடலின் எதிர்வினைக்கு இட்ட பெயர். வீட்டில் திருடன் நுழைந்ததற்கு ‘நாய்க்குரைப்பு’ என்று பெயரிடுவதைப் போன்றது.

1943-இல் பம்பாயில் பணியாற்றிய வைன்கார்ட்டன் ‘லான்செட்’ இதழில் 81 நோயாளிகளை விவரித்து ‘வெப்பமண்டல ஈசினோபிலியா’ என்ற பெயரை நிலைநிறுத்தினார். அவர் கட்டுரையில் மருத்துவமும் இருந்தது. நோயாளி ஒருவருக்கு மேகப்புண்ணும் இருந்ததால் அதற்காக நியோஆர்ஸ்ஃபினமைன் என்ற ஆர்சனிக் ஊசி போடப்பட்டது. மேகப்புண்ணுக்குப் போட்ட மருந்தில் மார்பின் இழுப்பும் அடங்கிவிட்டது. தற்செயலாகக் கிடைத்த இந்த மருத்துவமே அடுத்த பத்தாண்டுக்கும் மேலாக நாடெங்கும் வழங்கியது. ஆர்சனிக் நச்சு என்பதும் அதன் பக்கவிளைவுகள் கடுமையானவை என்பதும் அனைவரும் அறிந்தவையே. ஆயினும் இரவெல்லாம் உட்கார்ந்தே மூச்சுவிட்ட ஒருவர் சில ஊசிகளில் படுத்துறங்க முடிந்தால், எந்த மருத்துவர்தான் அதை மறுப்பார்?

மருந்து கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் இலங்கை வருகிறது. 1944-இல் கார்ட்டர், வெட், டி அப்ரேரா ஆகிய மூவரும் இத்தகைய நோயாளிகளின் சளியில் சிற்றுண்ணிகளைக் கண்டதாக அறிவித்தனர். தூசியிலும் சேமித்த தானியத்திலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத உயிர்கள் அவை. அடுத்த ஆண்டே சொய்சாவும் ஜயவர்தனவும் நுரையீரல் உண்ணித்தொற்று ஆஸ்துமாவுக்குக் காரணமாகலாம் என்று ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினர். சளியில் ஓர் உயிர் கண்ணெதிரே ஊர்கிறது, நோயும் இருக்கிறது, இரண்டையும் முடிச்சுப்போடுவதை அன்று மூடத்தனம் என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் உண்ணிகள் தூசியோடு எங்கும் பறப்பவை. அவை மார்புக்குள் குடியிருந்தனவா, மூச்சோடும் வாய்வழியும் வந்து சேர்ந்தனவா என்ற கேள்விக்கு அந்தச் சான்றுகளால் விடை சொல்ல இயலவில்லை. வீட்டுத்தூசி உண்ணி ஆஸ்துமாவில் வகிக்கும் பங்கை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1960-களில் நிறுவினர் என்பது வேறு கதை. அங்கு உண்ணி தொற்றும் உயிராக அல்ல, ஒவ்வாமையூட்டும் பொருளாகவே இடம்பெற்றது.

சரியான தடயம் ஒன்று மதனப்பள்ளிக் கட்டுரைக்கு முன்னரே, 1939-இல், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் அச்சேறியிருந்தது. மேயர்ஸ், கௌவனார் என்ற இருவர் ஈசினோபில் பெருக்கமும் நிணநீர்க் கணு வீக்கமும் உள்ள நோயாளிகளின் கணுக்களை அறுத்துப் பார்த்து, அங்கே சிதைந்த மைக்ரோஃபைலேரியாக்களைக் கண்டனர். யானைக்கால் நோயைத் தரும் புழு ஈனும், கால் மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சு அது. கட்டுரை டச்சு மொழியில் வந்தது. விரைவில் போரும் வந்தது. பம்பாய்க்கும் கொழும்புக்கும் அந்தச் செய்தி உரிய காலத்தில் போய்ச்சேர்ந்து பேசப்பட்டிருந்தால், உண்ணிகளைத் தேடிய கண்கள் வேறிடத்தில் தேடியிருக்கக்கூடும்.

தேடியிருந்தாலும் எளிதாக இருந்திருக்காது. யானைக்கால் புழுவின் குஞ்சுகளை இரத்தத்தில் பார்ப்பது 1872-இல் கல்கத்தாவில் டிமொதி லூயிஸ் காலத்திலிருந்தே நடப்பது. இரவில் அவை தோலடி இரத்தத்துக்கு வரும். கொசு அப்போது உறிஞ்சும். பகலில் எங்கே ஒளிகின்றன என்று பேட்ரிக் மேன்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டார்: நுரையீரலின் இரத்தக் குழாய்களில். ஆனால் ஈசினோபிலியா நோயாளியின் இரத்தத்தை நள்ளிரவில் எடுத்துப் பார்த்தாலும் குஞ்சு தென்படாது. கால் வீங்கியிருக்காது, விரைவீக்கமும் இருக்காது. யானைக்கால் நோயின் எந்த அடையாளமும் இல்லாத ஒருவரின் ஆஸ்துமாவை யானைக்கால் புழுவோடு இணைக்க என்ன நியாயம்?

நியாயத்தை மருந்து தந்தது. 1947-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் டைஎதில்கார்பமசின் என்ற மருந்து உருவாயிற்று. ‘ஹெட்ரசான்’ என்ற வணிகப் பெயரில் அது உலகெங்கும் சென்றது. இந்தியாவில் ‘பேனோசைட்’ என்ற பெயர் இன்றும் மருந்துக்கடைகளில் வழங்குகிறது. அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார். தாம் படித்த நகரத்தின் ஆஸ்துமா வார்டுகளில் அந்த மாத்திரை என்ன செய்யப்போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை. 1950-களில் இந்திய மருத்துவர்கள் ஆர்சனிக்குக்கு மாற்றாக அதைக் கொடுக்கத் தொடங்கினர். 1958-இல் சிங்கப்பூரில் டி. ஜே. தனராஜ் முறையாக ஆராய்ந்து அதன் பயனை எழுதினார். உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் வீதம் மூன்று வாரம் என்ற அளவு பின்னர் நிலைத்தது.

யானைக்கால் புழுவுக்கான மருந்து ஈசினோபிலியாவைத் தணிக்கிறது. ஆகவே ஈசினோபிலியாவின் காரணம் யானைக்கால் புழு. இந்தத் தருக்கம் கவர்ச்சியானது, முழுமையானது அன்று. அதே மருந்து நாக்குப்பூச்சியையும் பாதிக்கும். நாக்குப்பூச்சியின் குஞ்சுகளும் நுரையீரல் வழியே பயணம்செய்து ஈசினோபிலைப் பெருக்கும். சுவிட்சர்லாந்தின் லோஃப்லர் 1932-இல் விவரித்த, தானாகவே வந்து மறையும் நுரையீரல் நிழல்களோடு பிற்காலத்தில் இணைக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. ஆர்சனிக்கோ மேகப்புண் கிருமியையும் கொல்லும், ஃபைலேரியாப் புழுவையும் தாக்கும். குணமானதைக் கொண்டு காரணத்தை ஊகிப்பது பழைய வழக்கம். மருத்துவ வரலாற்றில் அது வழிகாட்டியதும் உண்டு, வழிதவறச் செய்ததும் உண்டு.

தனராஜ் குழுவினர் வேறொரு வழியையும் நாடினர். நாயின் இதயத்தில் வாழும் ஃபைலேரியா வகைப் புழுவிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு நோயாளிகளின் இரத்தநீரைச் சோதித்தனர். எதிர்ப்பொருள் மிக உயர்ந்த அளவில் இருந்தது. புழு கண்ணில் படவில்லை; ஆனால் உடல் அதைச் சந்தித்திருக்கிறது. நாய்ப்புழுச் சாற்றுக்கு எதிர்வினை வந்ததாலும் இரத்தத்தில் குஞ்சு இல்லாததாலும், மனித உடலில் முதிர இயலாத விலங்குப் புழுவே காரணமோ என்ற ஐயம் எழுந்தது. லண்டனில் பக்லி விலங்குகளிடமிருந்து பெற்ற புருகியா வகைப் புழுக்களை மனிதத் தன்னார்வலருக்குத் தொற்றச்செய்து, ஈசினோபிலியாவின் அறிகுறிகள் தோன்றுவதை 1958-இல் காட்டினார். சிங்கப்பூரில் இந்நோய் சீனர், மலாயரைவிட இந்தியரிடையே மிகுதியாக இருந்ததையும் தனராஜ் குறித்தார். இன வாரியாக நோயை எண்ணுவது குடியேற்றக்கால மருத்துவத்தின் பழக்கம். அந்த எண்ணிக்கையிலிருந்து உடலியல்பு பற்றிய முடிவுகளுக்குத் தாவியவர்களும் உண்டு. அந்த நகரத்து இந்தியருள் பெரும்பாலோர் தமிழர் என்பதையும், எந்தக் கரையிலிருந்து எந்தக் கொசுக்கடியோடு வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த எண்களைப் படிக்க முடியாது.

கண்ணால் கண்ட சான்று வேலூரிலிருந்து வந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மருத்துவர் ஜான் வெப், நோயியலாளர்கள் சி. கே. ஜோப், எட்வர்டு கால்ட் ஆகிய மூவரும் 1960-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையின் செய்தி சுருக்கமானது: வெப்பமண்டல ஈசினோபிலியா நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றின் திசுக்களில் மைக்ரோஃபைலேரியாக்கள் உள்ளன. சுருக்கமான அந்த வாக்கியத்தின் பின்னால் இருக்கும் உழைப்பை அளந்து பார்க்கலாம். குஞ்சின் தடிமன் ஒரு சிவப்பணுவின் அளவே. நுரையீரலிலிருந்து வெட்டிய சிறு துண்டை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரின் சில ஆயிரத்திலொரு பங்கு கனமுள்ள சீவல்களாக அரிந்து, ஒவ்வொன்றாக நுண்நோக்கியில் பார்க்க வேண்டும். அதுவும் தேடுவது உயிருள்ள முழுக் குஞ்சை அல்ல. ஈசினோபில்கள் மொய்த்துச் சிதைத்த எச்சத்தை. சானடோரியத்தில் ‘போலி’ என்று பெயரிட்டு இருபது ஆண்டுகள் கழித்து, அங்கிருந்து நூறு மைல்கூடத் தொலைவில்லாத ஊரில் அந்த எச்சம் கண்ணில்பட்டது. 1966-இல் தனராஜும், சிங்கப்பூர் நோயியலின் முன்னோடியான கே. சண்முகரத்தினமும் அமெரிக்க ஒட்டுண்ணியியலாளர்களோடு சேர்ந்து எழுதிய நோயியல் ஆய்வு அதை உறுதிப்படுத்தியது.

இவற்றிலிருந்து உருவான சித்திரம் வழக்கமான கிருமிக்கொள்கையைத் தலைகீழாக்கியது. யானைக்கால் புழு தொற்றிய பலருடைய இரத்தத்தில் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் மிதக்கும். அவர்களுக்கு இருமல்கூட இருக்காது. உடல் அவற்றைப் பொறுத்துக்கொள்கிறது. நூற்றில் ஒருவருக்கும் குறைவானோரின் உடல் மட்டும் பொறுப்பதில்லை. குஞ்சுகள் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கும் இடத்திலேயே அழிக்கப்படுகின்றன. ஆகவே இரத்தத்தில் அவை தென்படுவதில்லை. அந்த அழிப்புப் போரே நோய். உயிர் மிகுதியாக இருக்குமிடத்தில் நோயில்லை. நோய் இருக்குமிடத்தில் உயிர் தென்படவில்லை. சளியில் எது ஊர்கிறது என்று பார்த்துக் காரணத்தைச் சொல்லும் முறை இங்கு ஏன் தோற்றது என்பது இதனால் விளங்கும். இரவு இருமலையும் குஞ்சுகளின் இரவுலாவையும் இணைத்து அழகாக விளக்குவோர் உண்டு. ஆனால் எல்லா ஆஸ்துமாவும் பின்னிரவில்தான் மிகும். தவிரவும் குஞ்சுகள் நுரையீரலில் தங்குவது பகலில். அந்த விளக்கத்தின் மேல் பெரிதாக எதையும் கட்டாமல் இருப்பதே நல்லது.

நிலவியலும் இதே கதையைச் சொல்கிறது. எம். ஓ. டி. ஐயங்கார் 1930-களில் திருவிதாங்கூரில் யானைக்கால் நோயை ஆராய்ந்து 1938-இல் நூலாக வெளியிட்டார். சேர்த்தலை போன்ற கடலோரத் தாழ்நிலங்களில் புருகியா மலாயி என்ற புழுவைப் பரப்பும் மான்சோனியாக் கொசுவின் புழுப்பருவம், ஆகாயத்தாமரையின் வேர்களைத் துளைத்து அங்கிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். தேங்கிய குளமும் மிதக்கும் தாமரையும் இல்லாமல் அந்தக் கொசு இல்லை. கல்லாற்றில் பாறைமேல் உருண்டோடும் நீரில் ஆகாயத்தாமரை வேர்பிடிக்காது. ஒரே திருவிதாங்கூர், ஒரே மழை. மலையடிவாரத்துக் காசமும் காயலோரத்துக் காசமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

1980-களில் வரலாறு மீண்டும் ஒரு காசநோய் நிறுவனத்துக்குத் திரும்பியது. 1956-இல் தொடங்கப்பட்ட சென்னைச் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி. கே. விஜயன் முதலானோர், அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனங்களின் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, நோயாளிகளின் மூச்சுச் சிற்றறைகளை உப்புநீரால் கழுவி அந்த நீரை ஆராய்ந்தனர். 1987-இல் வெளியான முடிவின்படி அங்கிருந்த அணுக்களில் ஏறத்தாழப் பாதி ஈசினோபில்கள். மருந்து கொடுத்ததும் அவை விரைந்து குறைந்தன. இத்துடன் நிறுத்தியிருந்தால் இனிய முடிவாக இருந்திருக்கும். ஆனால் 1990-இல் வந்த தொடராய்வு, மூன்று வார மருத்துவம் முடிந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்தும் பலருடைய நுரையீரலில் மெல்லிய அழற்சி நீடிப்பதைக் காட்டியது. உயிர் அகன்ற பின்னும் நோய் எஞ்சலாம். தாமதமாகக் கண்டறிந்தால் நுரையீரல் தழும்பேறி விறைக்கலாம். ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ பெயர் மாறிக் கழிந்த ஆண்டுகளின் விலை அதில் அடங்கும்.

நலமான நுரையீரல் கிருமியற்றது என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2007-இல் தொடங்கிய மனித நுண்ணுயிர்த்தொகுதித் திட்டத்தின் முதற்பட்டியலில் நுரையீரலுக்கு இடமே இல்லை. 2010-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்த ஹில்டி, குக்சன் முதலானோர் மூச்சுக்குழாய்களில் பாக்டீரியாச் சமூகங்கள் இருப்பதையும், ஆஸ்துமா உடையோரிடம் ஹீமோஃபிலஸ் உள்ளிட்ட வகைகள் மிகுந்திருப்பதையும் மரபணு வரிசை கொண்டு காட்டினர். அன்றுமுதல் எழும் கேள்வி, கொழும்பில் 1944-இல் எழுந்த கேள்விதான்: அங்கே இருப்பவை நோயை உண்டாக்கினவா, நோய்ப்பட்ட இடத்தைத் தேடி வந்தவையா, வாயிலிருந்து சிந்தியவையா? ஃபைலேரியாப் புழுவின் உடலுக்குள்ளேயே வொல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது என்பதும், டாக்சிசைக்ளின் கொடுத்து அதைக் கொன்றால் புழுவும் நலிகிறது என்பதும் இதற்குள் தெரிந்துவிட்டன. உயிருக்குள் உயிர் என்ற அடுக்கில் எந்த அடுக்கைக் காரணம் என்று சுட்டுவது என்பது எளிய கேள்வி அன்று.

இதற்கிடையே சொல் மட்டும் ஆய்வகத்தை விட்டு வெளியேறித் தெருவுக்கு வந்துவிட்டது. ‘ஈஸ்னோபீலியா இருக்கு’ என்று தமிழகத்தில் ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் குறிப்பது விடாத தும்மலை, மூக்கொழுகலை, மழைக்கால இழுப்பை. இரத்த அறிக்கையில் சற்றே ஏறிய ஓர் எண், நோயின் பெயராகிவிட்டது. அந்த எண்ணைப் பார்த்ததும் மூன்று வாரத்துக்குப் பேனோசைட் எழுதும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. ஒவ்வாமையால் ஏறிய அறுநூறும் புழுவால் ஏறிய ஆறாயிரமும் ஒரே பெயருக்குள் அடைபட்டன. ‘காச’ என்ற சொல் ஒருகாலத்தில் செய்ததையே இந்தக் கிரேக்கச் சொல்லும் செய்திருக்கிறது.

யானைக்கால் நோய் ஒழிப்புக்காக ஆண்டுதோறும் வீடுவீடாக மாத்திரை கொடுக்கும் பணி இந்தியாவில் 2004 முதல் விரிவாக நடந்துவருகிறது. பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோயை அகற்றிவிட்டதாக இலங்கை 2016-இல் உலக சுகாதார அமைப்பின் சான்று பெற்றது. புழு குறையக் குறைய நுரையீரல் ஈசினோபிலியாவும் அரிதாகிறது. அரிதானதை இளம் மருத்துவர்கள் நினைவில் வைத்திருப்பதில்லை. புலம்பெயர்ந்த தெற்காசியரிடம் அது ஆஸ்துமா என்று கருதப்பட்ட நிகழ்வுகள் மேலைநாட்டு மருத்துவ இதழ்களில் இடையிடையே பதிவாகின்றன. அங்கு முதலில் தரப்படுவது ஸ்டீராய்டு. அது ஈசினோபிலைத் தற்காலிகமாகக் குறைத்து இருமலையும் தணித்துவிடும். குஞ்சுகளை ஈனும் தாய்ப்புழு நிணநீர்க் குழாயில் அப்படியே இருக்கும். ஆகவே மருந்துச்சீட்டு எழுதுவதற்கு முன் இரத்தத்தில் ஈசினோபிலை எண்ண வேண்டும். நோயாளி எந்த ஊரில் வளர்ந்தார், அது காயலோரமா மலையோரமா என்றும் கேட்க வேண்டும்.